எல்லா மதகையும் சேத்து சாத்துற மாத்திரை

எங்கப்பா பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவர். டெல்டாக்காரங்களுக்கு லஸ்கர்னா யாருன்னு சொல்லத் தேவையில்ல, மத்தவங்களுக்கு சொல்றேன்: ஆத்துலேர்ந்து வாய்க்கால் பிரியுற எடத்துல ஷட்டர ஏத்தி எறக்குற ஆளு, ராத்திரி டார்ச் லைட்ட எடுத்துக்கிட்டு கரையில நடந்து எவன் கள்ளத்தனமா மடை வெட்டியிருக்கான்னு பாக்குற ஆளு, தலைமடைக்காரன்கிட்டயும் கடைமடைக்காரன்கிட்டயும் ஒரே நாள்ல திட்டு வாங்குற ஆளு. இத மொதல்லயே சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அவருக்கு வந்த வியாதியும் அதுக்கு சாப்ட்ட மாத்திரையும் எனக்குப் புரிஞ்சது பாதி டாக்டரால, பாதி அவர் பாத்த அந்த வேலையால.

2021 கடைசியில ஒன்னுக்குல ரத்தம் வந்துச்சு. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது, அதனால சூட்டுக்குதான்னு நெனச்சு எளநீ, வெந்தயம், மோருன்னு மூணு வாரத்த வீணாக்கினோம். வலியில்லாம ஒன்னுக்குல ரத்தம் வந்தா மறுநாளே ஸ்கேன் எடுங்க, இத வேற எதையும் படிக்காட்டியும் பரவால்ல. எடது கிட்னில 9 சென்டிமீட்டர் கட்டி. கிட்னிய எடுத்தாங்க, பயாப்ஸியில கிளியர் செல் கார்சினோமான்னு, அதாவது கிட்னி கேன்சர்ல ஒரு வகைன்னு வந்துச்சு. எடுத்தாச்சு, முடிஞ்சுதுன்னு இருந்தோம், எட்டு மாசம் கழிச்சு எடுத்த சிடி ஸ்கேன்ல நுரையீரல்ல அஞ்சாறு புள்ளி, பெருசு 14 மில்லிமீட்டர்.

கேன்சர் டாக்டர் மேடம் ரெண்டு வழி சொன்னாங்க. இம்யூனோதெரபி ஊசியோட (உடம்போட எதிர்ப்பு சக்திய கேன்சர் மேல திருப்பி விடுறது) சேத்து குடுக்குறது ஒன்னு, அதுக்கு ஆகுற செலவ கேட்டதும் நானும் அப்பாவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கல. இன்னொன்னு சுனிட்டினிப்னு ஒரு மாத்திரை, உண்மையில கேப்சூல், 2006-ல அமெரிக்காவுல அனுமதி வாங்குனது, இப்ப ஜெனரிக்கா கெடைக்குது. "இது கேன்சர் செல்ல நேரா அடிக்கிறதவிட, அதுக்குப் போற ரத்தக்குழாய அடிக்கிற மருந்துங்கய்யா"ன்னு சொல்லிட்டு, சீட்டுக்குப் பின்னாடி பேனாவால படம் போட்டாங்க.

அவங்க சொன்னத என் பாஷையில சொல்றேன். எந்தக் கட்டியா இருந்தாலும் ஒன்னு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல வளரணும்னா அதுக்குன்னு ரத்தக்குழாய் வேணும், ஆக்சிஜன் தானா கசிஞ்சு போற தூரம் அவ்ளோதான். ஜூடா ஃபோக்மன்னு ஒரு சர்ஜன் 1971-லயே, கட்டிய பட்டினி போட்டா என்னன்னு கேட்டு எழுதினார், ரொம்ப நாளைக்கு அத யாரும் பெருசா எடுத்துக்கல. நம்ம உடம்புல எந்த செல்லுக்கு ஆக்சிஜன் பத்தலயோ அது ஒரு புரதத்த வெளிய விடும், அதுக்குப் பேரு விஇஜிஎஃப், டாக்டருங்க வாயில வெஜ்எஃப். (அப்பா அங்கயே "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா"ன்னு கேட்டார், அந்த மேடம் சிரிச்சத அன்னிக்குதான் மொதல்ல பாத்தேன்.) அந்தப் புரதம் பக்கத்துல இருக்குற ரத்தக்குழாயோட உள்சுவர் செல்லுல போய் ஒட்டும், ஒட்டுற எடத்துக்குப் பேருதான் ரிசெப்டார். ஒட்டுனதும் அந்த செல்லு சும்மா இருக்காது, புரதம் எந்தப் பக்கத்துலேர்ந்து அதிகமா வருதோ அந்தப் பக்கமா தல நீட்டி, பின்னாடி வர்ற செல்லெல்லாம் பெருகி, புதுசா ஒரு கிளைக்குழாய் முளைக்கும்.

அப்பாவுக்கு வந்த வகை கேன்சர்ல பெரும்பாலும் விஹெச்எல்னு ஒரு ஜீன் கெட்டுப் போயிருக்குமாம். ஆக்சிஜன் இருக்கா இல்லயான்னு செல்லு கண்டுபிடிக்குற ஏற்பாட்டுல அது ஒரு முக்கியமான கண்ணி (இந்த ஏற்பாட்டக் கண்டுபிடிச்சதுக்குதான் 2019-ல மூணு பேருக்கு மருத்துவ நோபல் குடுத்தாங்க). அது கெட்டுப்போனா செல்லுக்கு ஆக்சிஜன் போதும் போதும்ங்குற அளவுக்குக் கெடச்சாலும் இல்ல இல்லன்னே நெனச்சுக்கிட்டு விஇஜிஎஃப்ப விட்டுக்கிட்டே இருக்கும். இத சொல்லி முடிச்சதும் அப்பா, "தண்ணி முட்டிக்கால் அளவுக்கு நிக்கிது, ஆனாலும் தண்ணி வரலன்னு தெனம் ஆபீஸ்ல வந்து மனு குடுக்குறான், அதானே மேடம்? நான் பாத்திருக்கேன் அவன"ன்னார்.

அந்த மனு கணக்கு எனக்கு அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு. நான் படிச்சது பி.காம், ஆனா அப்புறம் ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சதெல்லாம் அந்த ஒரு கணக்குலதான் ஏறுச்சு. விஇஜிஎஃப் மனு. ரிசெப்டார் மனு வாங்குற கை. அந்தக் கை செல்லோட தோலுக்கு வெளிய பாதி, உள்ள பாதின்னு இருக்கும். மனு வந்ததும் ரெண்டு ரிசெப்டார் பக்கத்துல பக்கத்துல வந்து ஜோடி சேரும், சேந்து உள்பக்கம் ஒன்னோட வாலுல இன்னொன்னு பாஸ்பேட் ஏத்தும், அதாவது ஒருத்தர் பேப்பர்ல இன்னொருத்தர் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு மை ஏடிபி, அதாவது அந்த பாஸ்பேட்டக் குடுக்குற மூலக்கூறு. சுனிட்டினிப் போய் உக்காருறது கரெக்டா அந்த மை இருக்க வேண்டிய குழியில. மனு வரும், வாங்குவாங்க, ஜோடியும் சேருவாங்க, கையெழுத்து மட்டும் விழாது. ஃபைலு நகராது.

இதுல மூணு ரிசெப்டார் இருக்கு. ரெண்டாம் நம்பர்தான் வேலைய நடத்துறவர். மூணாம் நம்பர் பெரியவங்கள்ல நிணநீர்க் குழாய் பக்கம். ஒன்னாம் நம்பர் இருக்காரே, எனக்கு அவரப் படிச்சப்போ சிரிப்பே வந்துடுச்சு, விஇஜிஎஃப்ப ரெண்டாம் நம்பரவிட ரொம்ப இறுக்கமா புடிச்சுக்குவார், ஆனா கையெழுத்துன்னு பாத்தா சோம்பேறி, மனுவ வாங்கி டிராயர்ல போட்டுப் பூட்டிக்கற கிளார்க் மாதிரி. சரி இவர் எதுக்குன்னு கேட்டா, 1995-ல எலிக்கருவுல ஒவ்வொரு ரிசெப்டாரா எடுத்துப் பாத்திருக்காங்க. ரெண்டாம் நம்பர் இல்லாத கருவுல ரத்தக்குழாயே உருவாகல, ஒம்பதாவது நாள் வாக்குல செத்துப்போச்சு. ஒன்னாம் நம்பர் இல்லாத கருவுல அதுக்கு நேர்மாறு, குழாய் செல்லுங்க கன்னாபின்னான்னு பெருகி, ஒழுங்கான குழாய் அமையாம அதுவும் செத்துப்போச்சு. எல்லா மனுவுக்கும் உடனே வாய்க்கா வெட்டிக் குடுத்தா ஊரு என்ன ஆவும். டிராயர்ல பூட்டுறவரும் வேணும் போல.

சரி, வீட்டுக்கதைக்கு வர்றேன். 50 மில்லிகிராம், நாலு வாரம் தெனம் ஒன்னு, அப்புறம் ரெண்டு வாரம் லீவு, இது ஒரு சைக்கிள். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எக்கோ, ஈசிஜி, லிவர் டெஸ்ட், தைராய்டு, யூரின் எல்லாம் எடுத்தாங்க. மேடம் ஒரே ஒரு சாமான் வாங்க சொன்னாங்க, கையில கட்டுற பிபி மெஷின். "தெனம் காலையில, சாயங்காலம், நோட்டுல எழுதி வைங்க"ன்னாங்க. கேன்சர் மாத்திரைக்கு பிபி மெஷின் எதுக்குன்னு எனக்கு அப்ப புரியல, மெடிக்கல் ஷாப்ல ஆர்டர் போட்டுட்டு வாங்காம ரெண்டு நாள் இழுத்தடிச்சேன்.

அப்பாவுக்கு அதுவரைக்கும் பிபி கிடையாது, 130/80 தாண்டுனதில்ல. ஒம்பதாவது நாள் காலையில தலைவலின்னார், பாத்தா 168/102. மெஷின் கோளாறுன்னு என் கையில கட்டிப் பாத்தேன், எனக்கு 122. மேடத்துக்கு போன் பண்ணேன், அவங்களுக்கு ஆச்சரியமே இல்ல, இது எதிர்பாத்ததுதான்னாங்க. காரணம் அதே மனு வாங்குற கைதான். ரிசெப்டார் புதுக்குழாய் முளைக்கறதுக்கு மட்டும் இல்ல, இருக்குற குழாய தளர்த்தி வெச்சிருக்கறதுக்கும் தெனம் வேலை செய்யுது, அதுலேர்ந்து சிக்னல் போனாதான் குழாயோட உள்சுவர் நைட்ரிக் ஆக்சைட விடும், அது விட்டாதான் குழாய் விரியும். கையெழுத்த நிறுத்துனா உடம்பு பூரா சின்னக்குழாயெல்லாம் இறுகும், பிபி ஏறும். அப்பாகிட்ட இத சொன்னப்போ, "அப்ப இது அவன் மதக மட்டும் சாத்தல, எல்லா மதகையும் சேத்து சாத்துது. ஊருல ஒருத்தன் திருடுறான்னு மெயின் ஷட்டர எறக்குன மாதிரி"ன்னார். அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு தொந்தரவையும் நாங்க இத வெச்சுதான் புரிஞ்சுக்கிட்டோம். இது எந்த மதகு, அவ்ளோதான் கேள்வி.

பிபிக்கு டெல்மிசார்டன், அப்புறம் ஆம்லோடிபினும் சேத்தாங்க. இங்க ஒரு விஷயம், பக்கத்துல இருக்குற ஜெனரல் டாக்டர்கிட்ட போய் பிபி மாத்திரை எழுதி வாங்காதீங்க, சுனிட்டினிப் லிவர்ல ஒரு என்சைம் வழியா கரையுது, டில்டியாசெம், வெராபமில் மாதிரி சில பிபி மாத்திரைங்க அந்த என்சைம மந்தமாக்கிடும், அப்ப கேன்சர் மாத்திரை உடம்புல கூடிப்போகும். அதே காரணத்துக்குதான் கிரேப்ஃப்ரூட் கூடாதுன்னு மருந்து அட்டையில போட்டிருக்கு. நம்ம ஊருல அது எங்க இருக்குன்னு விட்டுட்டேன், மேடம்தான் பம்ப்ளிமாஸ் அதுக்கு சொந்தக்காரன், அதையும் விட்டுடுங்கன்னாங்க. எங்க கொல்லையில ஒரு மரமே நிக்குது.

இன்னொன்னும் சொன்னாங்க, சுனிட்டினிப் சாப்டுற கிட்னி கேன்சர்காரங்கள்ல பிபி ஏறுனவங்களுக்கு மருந்து நல்லா கேட்டிருக்குன்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்களாம். அதுக்காக ஏறட்டும்னு விட்றக்கூடாது, பக்கவாதம் வந்துடும். மாத்திரை போட்டு எறக்கறதால கேன்சர் மருந்தோட வேலை கெடாதுன்னும் தெளிவா சொன்னாங்க, எங்களுக்கு அந்த சந்தேகம் இருந்துச்சு.

நாங்க வாங்குன பெரிய அடி இதுக்கு நேரெதிர். மூணாவது சைக்கிள், ரெண்டு வாரம் லீவு. கேப்சூல் இல்ல, ஆனா பிபி மாத்திரை ரெண்டும் வழக்கம்போல ஓடிக்கிட்டு இருக்கு. லீவுல உடம்பு லேசா இருக்குன்னு அப்பா திண்ணையில உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தவர் எந்திரிச்சதும் அப்படியே தூணப் புடிச்சு சரிஞ்சுட்டார். 94/60. மெஷின்ல அந்த நம்பரப் பாத்ததும் என் கைதான் நடுங்குச்சு. மதகெல்லாம் தொறந்துட்டாங்க, நாம வேற தண்ணிய வடிய வெட்டி விட்டுக்கிட்டு இருந்திருக்கோம். நோட்டப் பொரட்டிப் பாத்தா நாலு நாளாவே எறங்கிக்கிட்டே வந்திருக்கு, எழுதுனோமே தவிர யாரும் படிக்கல. அதுலேர்ந்து லீவு வாரத்துக்கு பிபி மாத்திரை அளவு தனியா மேடமே எழுதிக் குடுத்தாங்க. நீங்களா குறைக்காதீங்க, ஆனா இந்த மருந்துல விட்டு விட்டு சாப்டுறவங்க லீவுல பிபி என்ன பண்றதுன்னு மொத நாளே கேட்டு வாங்கிக்கோங்க.

அப்புறம் யூரின்ல புரதம். இது படிக்கப் படிக்க எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா இதே ரெண்டும், பிபியும் யூரின்ல ஆல்புமினும், எங்க வீட்ல இதுக்கு முன்னாடியே ஒருத்தருக்கு வந்திருக்கு. 2016-ல என் மனைவிக்கு எட்டாவது மாசம், கால் வீங்கி, பிபி 160/110, ஆல்புமின் மூணு ப்ளஸ், அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன் பண்ணி புள்ளய எடுத்தாங்க. ப்ரீஎக்லாம்ப்சியான்னாங்க. ஏன் வந்துச்சுன்னு கேட்டதுக்கு உப்பு, டென்ஷன், தலைப்பிரசவம்னு ஆளாளுக்கு ஒன்னு சொன்னாங்க, அவ அம்மா ஊறுகாயில போட்டாங்க பழிய. இப்பதான் தெரியுது, நஞ்சுக்கொடியிலேர்ந்து அந்த ஒன்னாம் நம்பர் ரிசெப்டாரோட வெளிப்பாதி மட்டும் தனியா ஏராளமா ரத்தத்துல கலக்குது, அது மெதந்துக்கிட்டே விஇஜிஎஃப்ப எல்லாம் புடிச்சு வெச்சுக்குது, தாயோட குழாய்க்கு மனு போய்ச் சேரல. பாஸ்டன்ல அனந்த் கருமாஞ்சியோட குழு 2003-ல சினை எலிக்கு அந்தத் துண்டக் குடுத்ததும் பிபியும் யூரின்ல புரதமும் வந்துச்சுன்னு காட்டியிருக்காங்க. கிட்னி வடிகட்டியில ஒரு பக்க செல்லு விஇஜிஎஃப்ப விட்டு எதிர்ப்பக்கம் இருக்குற நுண்குழாய தெனம் பராமரிச்சுக்கிட்டு இருக்காம், அது அறுந்தா புரதம் ஒழுகும். மாமனாருக்கு மாத்திரையால வந்ததும் மருமகளுக்கு நஞ்சுக்கொடியால வந்ததும் ஒரே மதகு. மனைவிகிட்ட சொன்னேன், அவ ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "அப்ப ஊறுகா இல்ல"ன்னா. ஏழு வருஷம் மனசுல வெச்சிருந்திருக்கா.

அப்பாவுக்கு ஒரே கிட்னிங்கறதால யூரின் டெஸ்டும் கிரியாட்டினினும் ஒவ்வொரு சைக்கிளும் எடுத்தோம். தைராய்டு அஞ்சாவது மாசம் விழுந்துச்சு. எப்பப்பாரு படுக்கை, குளிருது, பேச்சு மெதுவா. கேன்சர்தான் முத்துதுன்னு நாங்க உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டு இருந்தோம், டிஎஸ்ஹெச் பாத்தா 38 (தைராய்டு சுரப்பு குறைஞ்சா இந்த நம்பர் ஏறும்). தைராய்டு சுரப்பியில நுண்குழாய் ரொம்ப அடர்த்தி, அதுவும் இந்த சிக்னல நம்பியே இருக்கு. தைராக்சின் குடுத்ததும் ஒரு மாசத்துல எழுந்து கடைத்தெருவுக்குப் போனார். அசதின்னா உடனே கேன்சர் மேல பழி போடாதீங்க, தைராய்டு பாருங்க.

தோல் மஞ்சளாச்சு. சொந்தக்காரங்க எல்லாரும் காமாலைன்னு கீழாநெல்லிய அரைச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. கேப்சூலுக்குள்ள இருக்குற மருந்தோட நெறமே ஆரஞ்சு மஞ்சள், அது தோலுல ஏறுது, அவ்ளோதான். கண்ணு வெள்ளை வெள்ளையாவே இருந்தா பெரும்பாலும் மருந்து நெறம், கண்ணும் மஞ்சளாச்சுன்னா லிவர், அன்னிக்கே ஓடணும், இந்த மருந்து லிவரையும் கெடுக்கும். ரெண்டுல எதுன்னு ரத்தத்துல பிலிருபின் பாத்தா தெரிஞ்சுடும், கீழாநெல்லிய மட்டும் நானே கொல்லையில கொட்டிட்டேன். முடி இன்னும் வேடிக்கை. 60 வயசுலயும் கருகருன்னு இருந்தவர், நாலு சைக்கிள் முடிஞ்சதும் முடிய விலக்கிப் பாத்தா பட்டை பட்டையா, மாத்திரை சாப்ட்ட நாலு வாரத்துக்கு வெள்ளை, லீவு ரெண்டு வாரத்துக்கு கருப்பு, மறுபடி வெள்ளை. அது ரத்தக்குழாய் மதகு இல்ல, இந்த மருந்து 'கிட்'ங்குற வேற ஒரு ரிசெப்டாரையும் சாத்துது, முடிக்கு நெறம் குடுக்குற செல்லு அத நம்பியிருக்கு. காலண்டர் மாதிரி இருக்குன்னு பேரன் எண்ணுவான்.

கையும் காலும்தான் அவர அழ வெச்சுது. உள்ளங்கால்ல குதிகாலும் பெருவிரலுக்குக் கீழயும் செவந்து, காய்ச்சுப் போய், கொப்புளம். சிமெண்ட் தரையில காலு வெக்க முடியல. மொதல் வாரத்துலயே யூரியா க்ரீம் தடவ ஆரம்பிச்சிருக்கணும், நாங்க வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டோம். காய்ப்ப முன்னாடியே சரி பண்ணிக்கணும், வெந்நீர்ல காலு வெக்கக்கூடாது, வீட்டுக்குள்ளயும் மெத்துன்னு இருக்குற எம்சிஆர் செருப்பு, பருத்தி சாக்ஸ். கடைசியில மேடம் 37.5 ஆக்கி, ரெண்டு வாரம் சாப்டு ஒரு வாரம் லீவுன்னு மாத்தினாங்க, அதுல நெறைய குறைஞ்சுது. வலிய மறைச்சுக்கிட்டு ஃபுல் டோஸ் சாப்டுறதுல வீரம் ஒன்னும் இல்ல, சொன்னாதான் அவங்க அட்டவணைய மாத்துவாங்க.

பல்லு விஷயம் முழுக்க எங்க தப்பு. கடவாப்பல்லு ஆடுதுன்னு அப்பா தனியா பல் டாக்டர்கிட்ட போய் புடுங்கிக்கிட்டு வந்துட்டார், மாத்திரை பத்தி அவர் கேக்கல, இவர் சொல்லல. பஞ்சு வெச்சு ரத்தம் நிக்கவே ராத்திரி ஆச்சு, குழி ஒரு மாசம் மூடல. புண்ணு ஆறணும்னா அங்க புதுசா நுண்குழாய் முளைக்கணும், நாமதான் முளைக்கவே விடாம தெனம் மாத்திரை குடுக்குறோமே. மேடம் கத்துனாங்க, நியாயமான கத்தல். முன்கூட்டியே திட்டம் போடுற எந்த ஆபரேஷனுக்கும் குறைஞ்சது மூணு வாரம் முன்னாடியே இத நிறுத்தணுமாம், பல்லுக்கும் கேட்டுட்டுதான் போகணும். இப்ப அப்பா பர்ஸுல மாத்திரை பேரு எழுதுன அட்டை ஒன்னு இருக்கு, முடிவெட்டப் போனாக்கூட காட்டுறார்.

இவ்வளவுக்கும் பலன் இருந்துச்சான்னா, இருந்துச்சு. மொத மூணு மாசத்துல 14 மில்லிமீட்டர் புள்ளி 8 ஆச்சு, ரெண்டு வருஷத்துக்கு மேல அப்படியே நின்னுச்சு. போன வருஷக் கடைசியில ரெண்டு புள்ளி மறுபடி வளர ஆரம்பிச்சுது. மெயின் ஷட்டர சாத்துனா அவன் வேற பக்கம் கரைய ஒடைச்சுடுவான், கட்டிக்கு விஇஜிஎஃப் மட்டும் வழியில்ல, வேற வளர்ச்சிக் காரணிங்க, வேற ரிசெப்டாருங்க இருக்கு. அதுல மெட், ஆக்ஸில்னு ரெண்டையும் ரெண்டாம் நம்பரோட சேத்து சாத்துற கேபோசான்டினிப்புக்கு மாத்தியிருக்காங்க. இது வெறும் வயித்துல, முன்னாடி ரெண்டு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் எதுவும் கூடாது, அதனால படுக்கப் போறப்ப போடுறார். யூரியா க்ரீம் இந்த தடவ மொத நாளே வந்துடுச்சு.

பிபி நோட்டு மூணாவது நோட்டு. புது மாத்திரை ஆரம்பிச்சு பதினோராவது நாள் காலையில மெஷின் 158/94 காட்டுச்சு. அப்பா கண்ணாடியப் போட்டுக்கிட்டு எழுதினார், அந்தக் காலத்துல ஷட்டர் லெவல் எழுதுவாரே அதே கையெழுத்துல, எழுதிட்டு, "எறக்கிட்டாங்க தம்பி, மேடத்துக்கு போன் போடு"ன்னார்.